ஜெனோவாவை மொன்றியலில் பார்த்தேன்

"வந்த நோக்கம் என்ன?" என்று குடிவரவு அதிகாரி கேட்டார்.

"தம்பியைப் பார்க்க" என்றேன்.

பொய் இல்லை. ஆனால் இன்னும் நாலு நாளில் ஓர் அறைக்குள் போய், வலக்கையை உயர்த்தி, 'இவன் என்னுடைய தம்பிதான்' என்று சத்தியம் செய்வதற்காக வந்திருக்கிறேன் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். என்னிடம் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு இருந்தது. லண்டனில் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இரத்தம் பரிசோதிக்கும் வேலை இருந்தது. இருந்தும் சீருடை போட்ட ஒருவர் என் கடவுச்சீட்டைப் புரட்டத் தொடங்கினால் கேட்காத கேள்விக்கும் பதில் தேடத் தொடங்கிவிடுவேன். கொழும்பில் பழகியது அது. அதிகாரி முத்திரை குத்தி "பொன்சூர், மதாம்" என்றார். கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினேன்.

வெளியே ஆட்களுக்கு நடுவில் தம்பியைத் தேடினேன். நான் ஊரைவிட்டு வந்தபோது ரூபனுக்குப் பதின்மூன்று வயது. இப்போது தொண்ணூறுகளின் நடுப்பகுதி, அவனுக்கு இருபத்துநாலு. படங்கள் அனுப்பியிருந்தான். படம் வேறு, ஆள் வேறு. இரண்டு முறை அவனைத் தாண்டிப் போயிருக்கிறேன். மூன்றாம் முறை, மீசை வைத்த உயரமான ஒருவன் "அக்கா" என்றான். குரல் அப்பாவுடையது. முகத்தில் எனக்குத் தெரிந்த எதுவும் இல்லை.

இவனுக்காகத்தான் சத்தியம் செய்யப்போகிறேன் என்று நினைத்தபடி அவன் பின்னால் நடந்தேன். கண்ணாடிக் கதவு திறந்ததும் குளிர் வந்தது.

லண்டன் குளிர் நனைந்த துவாய் போல மேலே படியும். மொன்றியல் குளிர் அடிக்கும். மூச்சை இழுத்தால் மூக்குக்குள் ஏதோ ஒட்டிக்கொள்கிறது. ரூபனோடு ஒரே வீட்டில் இருக்கும் குணம் அண்ணை காரோடு காத்திருந்தார். வந்து பத்து வருடமானவர், ஒரு உணவகத்துக் குசினியில் வேலை. "தங்கச்சி, மூக்கால மூச்சு விடுங்கோ. வாயைத் திறந்தால் நெஞ்சுக்குள்ள ஐஸ் கட்டும்" என்றார். பகிடியா உண்மையா என்று தெரியாததால் அவர்கள் இருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதி வரும்வரை நான் வாயைத் திறக்கவே இல்லை.

வீடு மூன்றாம் மாடியில். இந்த நகரத்தில் படிக்கட்டை வீட்டுக்கு வெளியே வைத்திருக்கிறார்கள். இரும்புப் படிகள், அவற்றின்மேல் உறைந்த பனி, பனியின்மேல் உப்பு. ஒரு கையால் கம்பியையும் மறுகையால் ரூபனையும் பிடித்துக்கொண்டு ஏறினேன். உள்ளே கணவாய்க் கறியும் பாணும் சூடாக இருந்தன. குணம் அண்ணை சமைத்தால் வாயில் வைக்கலாம் என்பது குறைத்துச் சொல்வது.

சாப்பாட்டின் நடுவில் யாரோ கதவைத் தட்டினார்கள். மேசையைச் சுற்றி இருந்த மூவரும் மெல்லுவதை நிறுத்தினோம். ரூபன் பாணை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, கதவுப் பக்கம் போகாமல், பின்பக்கத்து அறைக்குப் போனான். குணம் அண்ணைதான் திறந்தார். கீழ்வீட்டுக் கிரேக்க அம்மா ஒரு தட்டில் சீனி தூவிய பலகாரம் கொண்டுவந்திருந்தார். விருந்தாளி வந்திருப்பதை ஜன்னலால் பார்த்தாராம்.

"தம்பி, வா. பலகாரம்தான்" என்று குணம் அண்ணை கூப்பிட்டார். ரூபன் வந்து, சிரிக்காமல், விட்ட இடத்திலிருந்து சாப்பிட்டான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ரூபனின் அகதி வழக்கை நடத்தும் வழக்கறிஞரைப் பார்த்தோம். கியூபெக்காரப் பெண், ஐம்பது வயதிருக்கும், பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டுக் காலுறையோடு நடந்து திரிந்தார். ரூபனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னோடு ஆங்கிலத்தில் பேசினார்.

"உங்கள் தம்பியின் கதையில் ஏழு மாத ஓட்டை ஒன்று இருக்கிறது. கொழும்பிலிருந்து கிளம்புகிறார். ஏழு மாதம் கழித்து இங்கே வந்து இறங்குகிறார். இடையில் எங்கே என்று கேட்டால் ஜெனோவா, இத்தாலி, ஓர் அறை என்கிறார். எந்தத் தெரு? தெரியாது. யாரோடு? தெரியாது. என்ன சாப்பிட்டார்? ஞாபகமில்லை. ஏழு மாதம் என்ன சாப்பிட்டோம் என்று ஞாபகமில்லாத மனிதரை நான் இதுவரை சந்திக்கவில்லை."

"அதனால் என்ன ஆகும்?"

"விசாரிக்கிறவர் கெட்டவர் அல்ல. ஆனால் அவர் அந்த ஓட்டையைத்தான் பார்ப்பார். இவர் ஜெனோவாவில் இருந்தாரா, அல்லது அந்த ஏழு மாதமும் ஊரிலேயே துப்பாக்கியோடு இருந்தாரா என்று யோசிப்பார். திங்கட்கிழமை விசாரணைக்கு முன் அவரைப் பேச வையுங்கள்."

அதை அவர் சொல்லும்வரை எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொன்ன பிறகு வேறெதுவும் தோன்றவில்லை.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டேன். "ரூபன், அங்கை என்ன செய்தனி?"

"எங்கை?"

"ஜெனோவாவில."

"சொன்னனான்தானே அக்கா. அறைக்குள்ள இருந்தனான்."

"ஆரோட?"

"அக்கா, சனம் பார்க்குது."

எங்களுக்கு முன்னால் இரண்டு பிரெஞ்சுக் கிழவிகளும் தலையில் தொப்பியை இழுத்துவிட்டுத் தூங்கும் ஒருவரும் இருந்தார்கள். அந்தச் சனத்துக்கு எங்கள் தமிழ் விளங்கப்போவதில்லை. அவன் ஜன்னலின் ஐஸை நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தான். இறங்கவேண்டிய இடம் போய்விட்டதை இருவரும் கவனிக்கவில்லை. நான் பொத்தானைத் தேடினேன், பொத்தான் இல்லை. ஜன்னலுக்கு மேலே ஓடும் கயிற்றை இழுக்கவேண்டுமாம். கண்டுபிடித்து இழுப்பதற்குள் மூன்று தரிப்பு தாண்டிவிட்டது. இறங்கி, அவன் கையைக் கோத்துப் பிடித்துக்கொண்டு, உறைந்த நடைபாதையில் திரும்பி நடந்தோம்.

அப்படி நடந்தபோதுதான் அந்தச் சின்னத் திரையரங்கு வந்தது. வாசலில் ஒரு சுவரொட்டி. செங்குத்தாக ஏறும் ஒடுங்கிய ஒழுங்கை, இருபக்கமும் உயரமான பழைய வீடுகள், மேலே கொடியில் உடுப்பு. ஒழுங்கையின் நடுவில் ஓர் ஆணும் பெண்ணும் நெற்றியை நெற்றியில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். காதல் படம். சுவரொட்டியில் ஏதோ ஊரின் பெயர் இருந்தது.

"இது எந்த ஊர்?" என்றேன்.

என் கைக்குள் அவன் கை இறுகியது. "ஜெனோவா" என்றான். "பிரெஞ்சில அப்பிடித்தான் எழுதுறது. வாங்கோ போவம், குளிருது."

நான் நகரவில்லை. என் வேலை அப்படி. கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்க்காமல் இன்ன நோய் என்று யார் சொன்னாலும் நம்பமாட்டேன். இரண்டு டிக்கெட் வாங்கினேன், மறுநாள் பகல் காட்சிக்கு. தம்பியோடு படம் பார்க்க ஆசைப்பட்ட அக்கா என்று அவன் நினைத்திருக்கலாம். உண்மையில் நான் அவனைச் சோதிக்கத்தான் வாங்கினேன். அதைப் பற்றி எனக்கு இப்போதும் வெட்கம் உண்டு.

சனிக்கிழமை அரங்கில் அறுபது எழுபது பேர் இருந்திருப்பார்கள். பாதிப் பேர் இந்நகரத்து இத்தாலியர்கள், பெரும்பாலும் வயதானவர்கள், மிருக ரோமக் கோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு சத்தமாகக் கதைத்தார்கள். படம் இத்தாலிய மொழியில், கீழே பிரெஞ்சு எழுத்து. எனக்கு இரண்டும் தெரியாது. கதை மட்டும் ஒருவாறு பிடிபட்டது. ஜெனோவா மலைச்சரிவில் கட்டிய ஊர். கீழ்ஊரிலிருந்து மேல்ஊருக்குப் போகப் பொது லிஃப்ட் இருக்கிறது. அதில் டிக்கெட் கொடுக்கிறவள் நாயகி. கப்பலில் சமையல்காரனாக இருப்பவன் நாயகன். கப்பல் துறைமுகத்துக்கு வரும்போதெல்லாம் அவளைப் பார்ப்பதற்காகவே காரணமில்லாமல் மேலே போய்க் கீழே வருகிறான்.

நான் திரையைப் பார்க்கவில்லை. ரூபனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாயகன் என்னவோ சொன்னான். இத்தாலியக் கிழவர்கள் சிரித்தார்கள். ஒரு கணம் கழித்து, கீழே எழுத்து வந்த பிறகு, பிரெஞ்சுக்காரர்கள் சிரித்தார்கள். இன்னொரு தடவையும் அப்படியே. மூன்றாம் தடவைதான் கவனித்தேன். ரூபன் கிழவர்களோடு சேர்ந்து சிரித்தான். எழுத்து வருவதற்கு முன்னால். சிரித்தான் என்பதைவிட, அவனை அறியாமல் மூக்கால் ஒரு சத்தம் வந்தது என்று சொல்லவேண்டும்.

இவனுக்கு அந்த மொழி விளங்குகிறது. இவன் அங்கே இருந்திருக்கிறான்.

என் முதுகு ஒருமுறை தளர்ந்து கதிரையில் சாய்ந்தது. அந்தத் தளர்வு இரண்டு நிமிடம்கூட நீடிக்கவில்லை. அங்கே இருந்தவன் என்றால் ஏன் மறைக்கிறான்?

அடுத்த காட்சியில் லிஃப்ட் உள்ளே இருந்து காட்டப்பட்டது. மரப்பலகை அடித்த சுவர், ஓரமாக ஆட்கள் உட்கார ஒரு நீள வாங்கு, நாயகி எழுந்து நின்று யாருக்கோ இடம் கொடுக்கிறாள். சாதாரணக் காட்சி. ரூபன் எழுந்தான். ஆட்களின் முழங்கால்களில் இடித்துக்கொண்டு வெளியே போனான். நான் அவனுடைய கோட்டையும் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

அவன் நடைபாதையில், வெறும் சேட்டோடு, மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். கோட்டைப் போட்டுவிட்டேன். பக்கத்தில் டோனட் கடை ஒன்று இருந்தது. உள்ளே இழுத்துக்கொண்டுபோய் இருத்தி, கோப்பி வாங்கிக் கையில் வைத்தேன். பல்லுக் கிட்டுவது நின்றபிறகு அவனாகவே தொடங்கினான்.

"தயா எண்டு ஒருத்தன் அக்கா. என்னோட படிச்சவன். நாங்கள் ரெண்டு பேரும் ஒண்டா வெளிக்கிட்டனாங்கள்."

ஜெனோவாவில் பழைய ஊருக்குள், நாலாம் மாடியில், ஓர் அறையில் ஒன்பது பேர். களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் ஒருவன் காவல். ஜன்னல் திறக்கக்கூடாது, சத்தம் போடக்கூடாது. விமானத்துக்கு வழி சரிவரும், சரிவரும் என்று ஏழு மாதம். ரூபன் மட்டும் பகலில் கீழே ஒரு சாப்பாட்டுக்கடையின் பின்பக்கத்தில் கோப்பை கழுவினான். மொழி அங்கே காதில் விழுந்தது. கடைசி மாதத்தில் தயாவுக்குக் காய்ச்சல் வந்தது.

"ஆறு நாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம் எண்டு கெஞ்சினனான். 'ஒருத்தனுக்காக எல்லாரும் பிடிபடேலாது' எண்டிட்டான் ஏஜென்சிக்காரன். மற்றப் பெடியளும் வாய் திறக்கேல்லை. ஏழாம் நாள் விடியக்காலமை ஏஜென்சிக்காரன் எங்கையோ வெளிய போட்டான். நான் தயாவை முதுகில தூக்கிக்கொண்டு இறங்கினன். ஆஸ்பத்திரி மேல இருக்கு. லிஃப்டுக்குள்ள இருந்த மனிசி எழும்பி வாங்கை விட்டுத் தந்தவ. கிடத்தினன். ஒண்டும் கேக்கேல்லை அவ."

"பேந்து?"

"ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு கதிரையில இருத்தினன். நேர்ஸ் வந்து பேர் என்ன எண்டு கேட்டா. நான்..." அவன் கோப்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நான் ஓடிட்டன் அக்கா. அவன் என்ர சேட்டைப் பிடிச்சுக்கொண்டிருந்தவன். கையைக் கழட்டிப்போட்டு ஓடினனான்."

அன்றைக்கே ஏஜென்சிக்காரன் எல்லோரையும் வேறு ஊருக்கு மாற்றிவிட்டான். இரண்டு வாரத்தில் ரூபனை விமானம் ஏற்றினான். தயா பிழைத்தானா இல்லையா என்பது இவனுக்குத் தெரியாது.

"அவன்ர தமக்கை இந்த நாட்டிலதான், ஸ்காபரோவில இருக்கிறா. தாயும் இப்ப அங்கைதானாம். நம்பர் இருக்கு. ரெண்டு வருசமா இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு சின்ன யுத்தம் நடந்தது. நான் வழக்கறிஞரை வீட்டுத் தொலைபேசியில் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். "அவர் சொல்லட்டும்" என்றார். "ஆபத்தில்லை என்று நான் சொல்லமாட்டேன். நோயாளியை விட்டுவிட்டு ஓடியவர் என்று அவரைப் பார்க்க இடமிருக்கிறது. ஆனால் ஓட்டையை விட இது நல்லது." குணம் அண்ணை அதற்கு நேர் எதிர்.

"சொல்லாதை தம்பி. ஒண்டைச் சொன்னால் ஒம்பது கேள்வி வரும். ஏஜென்சிக்காரன் ஆர், மற்றவங்கள் எங்கை, அவன் செத்துப்போனால் ஆர் பொறுப்பு. உனக்கேன் உந்த வில்லங்கம்? ஞாபகமில்லை எண்டு சொல்லு. ஞாபகமில்லாததுக்கு ஒருத்தரையும் பிடிச்சு அனுப்ப ஏலாது."

"அனுப்புறாங்கள் அண்ணை" என்றான் ரூபன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு எது சரி என்று தெரியவில்லை. இந்தப் பக்கம் போனாலும் பயம், அந்தப் பக்கம் போனாலும் பயம். "உனக்கு எது சொல்ல ஏலுமோ அதைச் சொல்லு" என்றேன். மிகவும் கோழைத்தனமான பதில் அது. அன்று புட்டு யாருக்கும் இறங்கவில்லை. நல்ல மீன் குழம்பு வீணாகிப்போனது.

திங்கட்கிழமை காலை குணம் அண்ணையின் கார் கிளம்பவில்லை. இரவு முழுக்க உறைந்த பற்றறி, சாவியைத் திருப்பினால் இருமக்கூட இல்லை. டாக்சி பிடிக்க ஓடியதில் மூலையிலுள்ள டெப்பனர் கடைக்கு முன்னால் நான் வழுக்கி விழுந்தேன். பால் வாங்க வந்த யாரோ தூக்கிவிட்டார்கள். டாக்சிக்காரர் ஹெயிட்டி நாட்டவர். நாங்கள் போகவேண்டிய கட்டடத்தின் பெயரைச் சொன்னதும் கண்ணாடியில் ரூபனைப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில், "நானும் அங்கே போனவன்தான். தண்ணீர் கேள். அவர்கள் ஒரு கேள்வி கேட்டால் முதலில் தண்ணீர் குடி, பிறகு பதில் சொல்" என்றார். சிவப்பு விளக்குகளில் அவர் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே இருந்தார். நாலு நிமிடம் மிச்சமிருக்கப் போய்ச் சேர்ந்தோம்.

அறை நான் பயந்ததுபோல் பெரிதாக இல்லை. ஒரு மேசை, ஒலிப்பதிவுக் கருவி, கண்ணாடி போட்ட ஒரு மனிதர். அவர்தான் தீர்ப்புச் சொல்பவர். மொழிபெயர்ப்பாளர் நகரத்துக்கு வெளியே கர்க்லாண்டிலிருந்து வந்த சென்னைப் பெண்மணி, காஞ்சிபுரச் சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை. முதலில் என்னை விசாரித்தார்கள். பிறந்த ஊர், அப்பாவின் பெயர், வீட்டின்மேல் குண்டு விழுந்த நாள். "இவர் உங்கள் தம்பி என்பது உங்களுக்கு எப்படி நிச்சயம்?" என்று கண்ணாடிக்காரர் கேட்டார்.

நாலு நாளுக்கு முன்னால் என்னிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை. "குரல் எங்கள் அப்பாவுடையது" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். என்னைப் பின்வரிசையில் உட்கார அனுமதித்தார்கள்.

பிறகு ரூபன். தண்ணீர் கேட்டான். குடித்தான். அறையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். எல்லாவற்றையும் சொல்லப்போகிறான் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

"அந்த அறைக்குள்ள என்னோட இருந்த பெடியள் ஒருத்தரும் உதவிக்கு வரேல்லை."

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலமாக்கினார். பெடியள் என்ற சொல்லுக்கு, பத்திரிகைகளில் படித்த நினைவில், 'த பாய்ஸ்' என்று போட்டார். விசாரிப்பவரின் பேனா நின்றது. இலங்கை வழக்குக் கேட்டுப் பழகியவருக்கு 'த பாய்ஸ்' என்றால் துப்பாக்கி தூக்கிய இயக்கம். "நீங்கள் பாய்ஸோடு இருந்தீர்களா?" என்றார் மெதுவாக.

அது தமிழில் திரும்பி வந்தது. ரூபன் அப்பாவியாக, "ஓம், பெடியளோடதான் ஏழு மாசமும் இருந்தனான்" என்றான்.

எனக்குப் பேச உரிமை இல்லை. கை தானாக உயர்ந்துவிட்டது. வழக்கறிஞர் திரும்பிப் பார்த்தார். "அந்தச் சொல்" என்றேன். "அவன் சொல்வது அறையில் இருந்த இளைஞர்களை. இயக்கத்தை இல்லை." விசாரிப்பவர் என்னைப் பார்த்தார். வெளியே போகச் சொல்லப்போகிறார் என்று எழுந்து நின்றேன். அவர் மொழிபெயர்ப்பாளரிடம் மறுபடி கேட்கச் சொன்னார்.

அந்த அம்மா ரூபனிடம் குனிந்து, "மன்னிச்சுக்கோங்க தம்பி. எங்க ஊர்ல அந்த வார்த்தை இல்ல. பெடியள்னா யாரு? சும்மா கூட இருந்த பசங்களா, இயக்கத்துக்காரங்களா?" என்று கேட்டார்.

"கூட இருந்த ஆக்கள் அம்மா. என்னை மாதிரி வந்தவை" என்றான் ரூபன். அவனுக்கு அப்போதுதான் நடந்தது விளங்கி, முகம் சாம்பலாகிவிட்டது.

தயாவைப் பற்றிச் சொன்னான். லிஃப்டைப் பற்றி, கையைக் கழற்றியதைப் பற்றி. விசாரிப்பவர் நெடுநேரம் எழுதினார். "இதை ஏன் முதலில் சொல்லவில்லை?"

"பயம்."

"இப்போது ஏன் சொல்கிறீர்கள்?"

"சனிக்கிழமை அக்காவோட ஒரு படம் பார்த்தனான். அந்த ஊர்ப் படம்."

வழக்கறிஞர் கண்ணை மூடிக்கொண்டார். நான் நாற்காலியின் விளிம்பைப் பிடித்தேன். விசாரிப்பவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியானால் இந்த லிஃப்ட், இந்த ஒழுங்கை எல்லாம் அந்தப் படத்திலும் இருக்கிறதா?"

"ஓம், இருக்கு."

"நீங்கள் எனக்குப் படத்தைச் சொல்லவில்லை என்று நான் எப்படி நம்புவது?"

ரூபன் தண்ணீரைத் தொடவில்லை. "படத்தில லிஃப்ட் ஏறேக்க அந்தப் பெட்டை கடலைப் பார்த்துக்கொண்டு போறா. அது பொய். ஏறேக்க ஒண்டும் தெரியாது, மலைக்குள்ளால போறது. நான் தயாவைக் கிடத்திப்போட்டுச் சுவரைத்தான் பார்த்தனான். மேல போய்க் கதவு திறந்தாப்பிறகுதான் கடல் வரும். விடியேக்க கடல் கறுப்பா இருந்தது."

"நேர்ஸிடம் என்ன சொன்னீர்கள்? அவர்கள் மொழியில் சொல்லுங்கள்."

ரூபன் சொன்னான். "ஸ்தா மாலே. ஆ ஃப்ரெத்தோ." பிறகு தமிழில், "சுகமில்லை, அவனுக்குக் குளிருது. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிஞ்சது" என்றான். மொழிபெயர்க்கவேண்டிய அம்மா ஒரு நிமிடம் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

இருபது நிமிட இடைவேளை. நடைக்கூடத்தில் சுவரோடு நின்றோம். திரும்பக் கூப்பிட்டார்கள். விசாரிப்பவர் தாளைப் பார்த்து வாசித்தார். என் காதில் விழுந்தது ஒரு சொல்தான், 'ஏற்றுக்கொள்கிறேன்'. வழக்கறிஞர் ரூபனைக் கட்டிப்பிடித்தார். அவன் அசையாமல் நின்றான்.

வெளியே வந்ததும், "அக்கா, இனி மற்றதையும் செய்யவேணும்" என்றான்.

பின்னேரம் வீட்டில் தொலைபேசியை மேசைக்கு நடுவில் வைத்துவிட்டு மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் ரிசீவரை இரண்டு முறை எடுத்துத் திரும்ப வைத்தான். நான்தான் எண்களை அழுத்தினேன். தயாவின் தமக்கை கௌரி எடுத்தார். ரூபனின் அக்கா என்றேன். "ரூபன் உயிரோட இருக்கிறாரோ?" என்று கேட்டார்.

தயா ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் இறந்திருந்தான். முதல் இரண்டு நாள் நினைவோடு இருந்திருக்கிறான், ஊர் முகவரி சொல்லியிருக்கிறான். எட்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் போனதாம். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். கூட வந்த சிநேகிதனைக் கடலில் விட்டிருப்பார்களோ, பிடித்துத் திருப்பி அனுப்பியிருப்பார்களோ என்று இவர்கள் பயந்துகொண்டு இருந்திருக்கிறார்கள்.

நான் சொல்ல முன்னமே ரூபன் என் முகத்தில் அதைப் படித்துவிட்டான். கையை நீட்டி ரிசீவரை வாங்கினான். தாய் வந்திருந்தார். அவர் குரல் வெளியே கேட்டது.

"தம்பி, அவன் பயந்தவனோ?"

"இல்லை அம்மா. நான்தான் பயந்தனான். விட்டிட்டு ஓடிட்டன்."

நான் மேசைவிரிப்பின் பூக்களைப் பார்த்தேன்.

"நீயாவது தூக்கிக்கொண்டு போனாய்" என்றார் தாய். பிறகு, "அந்த ஊர் எப்பிடி இருக்கும் தம்பி? நான் எத்தினை பேரைக் கேட்டிட்டன். ஒருத்தருக்கும் தெரியேல்லை. கடல் இருக்கோ? மரம் கிரம் இருக்கோ?"

விசாரணையில் கோர்வையாகச் சொன்னவன் இப்போது திணறினான். கடைசியில், "அம்மா, இஞ்சை ஒரு படம் ஓடுது. வியாழன் வரைக்கும்தான் இருக்கும்" என்றான்.

புதன்கிழமை மத்தியானம் பஸ் நிலையத்தில் தயாவின் தாயும் கௌரியும் வந்து இறங்கினார்கள். தாய்க்குச் சேலைக்கு மேல் யாருடையதோ ஆண் கோட், சப்பாத்துக்குள் இரண்டு சோடி காலுறை. ரூபன் நாலடி தள்ளி நின்றுவிட்டான். அவராக நடந்துவந்து அவன் கன்னத்தை உள்ளங்கையால் ஒருதரம் தடவிப் பார்த்தார். கௌரி அழுதுகொண்டு நின்றார். பனி பெய்யத் தொடங்கியிருந்தது. தாய் வழுக்கி விழுந்துவிடக்கூடாதே என்று வழி முழுக்க அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அரங்கில் அவரை எங்களுக்கு நடுவில் இருத்தினோம். திரையில் அந்த ஊர் வந்ததும் முன்னால் நகர்ந்து இருந்தார். துறைமுகம், சரிவில் ஏறும் வீடுகள், கொடி உடுப்பு. ரூபன் காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தான். "இதாலதான் அம்மா கடைக்குப் போறது. இந்த மணிக்கூட்டுக் கோபுரத்துச் சத்தம் எங்களுக்குக் கேக்கும்." லிஃப்ட் வந்தபோது அவன் எழும்பவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த வாங்குதான்" என்றான். அவர் தலையை ஆட்டினார்.

பிறகு சுவரொட்டியில் இருந்த காட்சி வந்தது. அதே ஒடுங்கிய ஒழுங்கை. கப்பல் புறப்படப்போகிறது. நாயகனும் நாயகியும் நெற்றியை நெற்றியில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். எங்கோ வயலின் அழுகிறது. முன்வரிசைக் கிழவர் ஒருவர் கண்ணைத் துடைக்கக் கைலேஞ்சியை எடுத்துவிட்டார்.

தயாவின் தாய் இடப்பக்கம் சாய்ந்தார், வலப்பக்கம் சாய்ந்தார். பிறகு என் கையைத் தட்டினார்.

"பிள்ளை, உந்தப் பொடியனைக் கொஞ்சம் விலகச் சொல்லு. பின்னால ஒண்டும் தெரியேல்லை."

"பொறுங்கோ அம்மா" என்றான் ரூபன். "இப்ப விலகுவான்."

நாயகன் அவளை விட்டு விலகினான். சட்டகத்தைவிட்டு வெளியே நடந்தான். ஒழுங்கை கடல் வரைக்கும் வெறுமையாகக் கிடந்தது.